இரண்டு நாள் விடுப்பும் நான்கு சுவர்களும்

கடந்த மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொடக்கம் ஞாயிறு பிற்பகல் வரை நான் என் கணவரின் அருகில் இருக்கவில்லை. அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று 2020 ஆம் ஆண்டில் மருத்துவர்கள் உறுதிசெய்தனர். அன்றுதொட்டு ஓர் இரவேனும் நான் அவரைப் பிரிந்து வேறிடத்தில் தங்கியதில்லை. இம்முறை தங்கினேன். கோயிற் திருவிழாவுக்கோ உறவினரின் மரணவீட்டிற்கோ போயிருந்தால் எவரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். நான் போனது நடனமாடுவதற்கு.

பராமரிப்பாளர் தம்மையும் பேணிக்கொள்ளவேண்டும் என்ற அறிவுரையை இந்த இதழிற் பலமுறை படித்திருக்கிறேன். படித்து, தலையசைத்து, பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த வேளை மாத்திரையை எடுத்துக் கொடுக்க எழுந்திருக்கிறேன். எப்படிப் பேணுவது, யாரிடம் அவரை விட்டுச் செல்வது, திரும்பி வரும்போது என்ன விலை கொடுக்க நேரும் என்பவற்றை அந்த அறிவுரைகள் சொல்வதில்லை. ஆகவே என்னுடைய இரண்டு நாட்களின் கணக்கை, வரவு செலவு இரண்டையும் மறைக்காமல், இங்கே எழுதுகிறேன்.

வரிசை நடனத்தை அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். எல்லோரும் ஒரே திசையை நோக்கி வரிசை வரிசையாக நிற்பார்கள். துணை தேவையில்லை, எவரும் எவருடைய கையையும் பிடிப்பதில்லை. ஒவ்வொரு நடனத்திற்கும் 32, 48, 64 என்று ஓர் அடிக்கணக்கு உண்டு. அந்தக் கணக்கு முடிந்ததும் மீண்டும் முதலடியிலிருந்து தொடங்கவேண்டும். பெரும்பாலான நடனங்களில் ஒரு சுற்று முடியும்போது எல்லோரும் கால்வட்டம் திரும்பி அடுத்த சுவரைப் பார்ப்பார்கள். இவற்றை நான்கு சுவர் நடனங்கள் என்கிறார்கள். சிட்னியில் கற்றுக்கொண்ட நடனத்தைச் சிங்கப்பூரிலும் இலண்டனிலும் அதே அடிகளோடு ஆடலாம். ஒரே ஒரு தாளில் எழுதப்பட்ட அடிக்குறிப்பு உலகெங்கும் சுற்றுகிறது. நாங்கள் யாழ்ப்பாணத்துப் பாடசாலையில் ஆடிய கும்மியிலும் கோலாட்டத்திலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். இதில் பார்ப்பது முன்னால் நிற்பவரின் முதுகை. கூச்சமுள்ள என் போன்றவர்களுக்கு அது பெரிய வசதி.

எங்கள் வீட்டிற்கு அருகேயுள்ள சமூக மண்டபத்தில் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணிநேரம் இதைக் கற்று வருகிறேன். அந்த வகுப்பினர்தாம் என்னை வார இறுதி நிகழ்வுக்கு அழைத்தனர். புளூ மவுண்டன்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், இரண்டு மணிநேரத்திற்கும் மேற்பட்ட பயணம். பழைய நகர மண்டபம், மரத்தளம், ஒரு மூலையில் கொதிக்கும் தேநீர்க் கலன், அவ்வூர்ப் பெண்கள் செய்து அடுக்கிய லாமிங்டன்கள். வந்திருந்தவர்களிற் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். சேலை கட்டும் குலத்திலிருந்து நான் ஒருத்திதான். (சேலையில் போகவில்லை. காற்சட்டையும் வழுக்காத சப்பாத்தும்.)

வெள்ளி இரவு முதல் நடனம் 'எலெக்ட்ரிக் ஸ்லைட்'. 1976 இல் உருவானது என்று சொல்லப்படும் இந்த நடனத்தை, ஜமெய்க்காவின் மார்சியா கிரிபித்ஸ் பாடிய 'எலெக்ட்ரிக் பூகி' என்ற பாடலுக்கு ஆடுவது வழக்கம். பதினெட்டே அடிகள். தொடக்கத்தில் வலப்பக்கமாக ஓர் அடி, அதன் பின்னால் மறுகால், மீண்டும் வலம், பிறகு கால் சேர்த்தல். இந்த அடிக்குக் 'கிரேப்வைன்' என்று பெயர்; எங்கள் ஊர்ப் பேச்சிற் சொன்னால் முந்திரிகைக் கொடி. பிழை விட்டால் எவருக்கும் தெரியக்கூடாது என்று கடைசி வரிசையைத் தேர்ந்து நின்றேன். முதற்சுற்று முடிய எல்லோரும் இடப்பக்கம் திரும்பினார்கள். இரண்டாம் சுற்று முடிய இன்னொரு திருப்பம். நிமிர்ந்து பார்க்கிறேன், எனக்கு முன்னால் வெறுஞ்சுவர். கடைசி வரிசை முதல் வரிசையாகிவிட்டது! எண்பது பேருக்கு முன்னால், பார்த்து ஆடுவதற்கு ஒரு முதுகுகூட இல்லாமல் நின்றேன். ஆறாவது அடியோடு எல்லாம் மறந்துபோனது. பக்கத்தில் ஆடியவர் தலையைத் திருப்பாமலே அடுத்த அடியின் பெயரை மட்டும் உரக்கச் சொன்னார். மறு சுற்றிலும் சொன்னார். அதற்குள் என் சுவர் மாறிவிட்டது.

சனிக்கிழமை முழுவதும் புதிய நடனங்களைக் கற்பித்தார்கள். 1992 இல் பில்லி ரே சைரஸின் 'ஏக்கி பிரேக்கி ஹார்ட்' பாடலோடு இந்தக் கலை உலகெங்கும் பரவிய கதையைச் சொல்லி அதையும் ஆடினோம். அந்தப் பாடல் எனக்குப் பிடிக்கவில்லை. தேநீர் அருந்தப் போய்விட்டேன்.

பிடித்தது 'நட்புஷ்'. ரீனா ரேணர் தாம் வளர்ந்த டெனசி மாநிலத்துச் சிற்றூரைப் பற்றி எழுதி 1973 இல் வெளியான பாடல் அது. அதற்கு அவுஸ்திரேலியர்கள் தாமாக ஒரு வரிசை நடனத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். இந்நாட்டுப் பாடசாலைகளில் அதைக் கற்காமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. குயின்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில் அருகே, செம்மணற் பாலைவெளியில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக நின்று இதை ஆடி, 1928 இலிருந்து பறந்து சென்று மருத்துவம் செய்துவரும் ரோயல் ஃபிளையிங் டொக்டர் சேவைக்கு நிதி சேர்த்திருக்கிறார்கள். என் மகன் ஆரம்பப் பாடசாலையில் படித்த காலத்தில் வரவேற்பறையில் இதை ஆடிக் காட்டுவான். பெயரிலேயே நட்பு இருக்கிறது அம்மா என்பான். நான் அப்போது இரட்டை வேலை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்ததாகக்கூட நினைவில்லை. அன்று பார்க்காமல் விட்ட அந்த உதையையும் கைதட்டலையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அந்த மண்டபத்தில் கற்றுக்கொண்டபோது, வீட்டில் தகப்பனாருக்கு உணவூட்டிக்கொண்டிருந்தவன் அவன்.

அன்றிரவு மெல்லிய வோல்ட்ஸ் ஒன்று. 1950 இல் பட்டி பேஜ் பாடிப் புகழ்பெற்ற 'டெனசி வோல்ட்ஸ்' பாடல். மூன்று மூன்றாக எண்ணவேண்டும்: நீள அடி ஒன்று, சிற்றடி இரண்டு. என் கணவர் சிறுவனாக இருந்தபோது இலங்கை வானொலியில் கேட்ட பாடல்களுள் இதுவும் ஒன்று. திருமணமான புதிதில் சீட்டியடிப்பார். நோயினால் அவருடைய முகத் தசைகள் இறுகியபின் சீட்டி வருவதில்லை. முதல் இசை கேட்டதும் வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன். எனக்கு முன்வரிசையில் இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு மூதாட்டி ஆடிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சுழலும் இடங்களில் அவர் சுழலவில்லை. அதே மூன்று எண்ணிக்கைக்குள் சிறு சிறு அடிகளாக நடந்து, எல்லோரும் திரும்பி முடிக்கும்போது தாமும் சரியான சுவரைப் பார்த்து நின்றார். ஒரு தடவைகூடத் தாளம் தப்பவில்லை. அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டே முழுப்பாடலையும் ஆடி முடித்தேன். இரண்டு நாட்களிலும் எனக்கு மிகவும் உவப்பான நடனம் எது என்று கேட்டால், அந்த மூதாட்டியின் வோல்ட்ஸ் என்றுதான் சொல்வேன்.

ஞாயிறு காலை நிறைவு நடனம் 'ஜெருசலேமா'. தென்னாபிரிக்காவின் மாஸ்டர் கேஜி இசையமைத்து, நொம்செபோ ஸிக்கோடே சூலு மொழியிற் பாடி 2019 இல் வெளிவந்த பாடல். 2020 இன் தொடக்கத்தில் அங்கோலா நாட்டு நடனக் குழுவொன்று, கையில் உணவுத் தட்டுடன் உண்டபடியே அதற்கு ஆடி ஒரு காணொளியை வெளியிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் பல நாடுகளின் மருத்துவமனைகளில் தாதியரும் மருத்துவரும் துப்புரவுப் பணியாளரும் முகக்கவசத்தோடு அதே அடிகளை ஆடினார்கள். என் கணவரின் நோயை உறுதிசெய்த நாளில், அப்போதைய விதியின்படி என்னை உள்ளே விடவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் இருந்தபடி கைப்பேசியில் அத்தகைய ஒரு காணொளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்களுக்கு ஆட எப்படி மனம் வருகிறது என்று கோபப்பட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. இப்போது அதே அடிகள் என் கால்களில்.

இனிச் செலவுப் பக்கம். போவதற்கு முன்னரே கனடாவிலிருந்து மச்சாள் தொலைபேசியிற் கேட்டார்: "அண்ணாவை விட்டிட்டு ஆடப் போறியளோ?" பதில் சொல்லவில்லை. மகன்தான், "அம்மா, நீங்கள் போட்டு வாங்கோ, நான் பாக்கிறன்" என்று கார்க் கதவைத் திறந்துவிட்டான். நன்றாகவே பார்த்துக்கொண்டான், ஆனால் சனிக்கிழமை நண்பகல் மாத்திரை நாற்பது நிமிடம் பிந்திவிட்டது. லெவோடோபா பிந்தினால் என்ன நடக்கும் என்பதை இந்த இதழைப் படிக்கும் பார்க்கின்சன் குடும்பங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. குளியலறை வாசலில் உறைந்து, நகரமுடியாமல் அவர் நெடுநேரம் நின்றிருக்கிறார். விழவில்லை. விழுந்திருக்கலாம். ஞாயிறு மாலை மகன் அதைச் சொன்னபோது என் காலணிகூடக் கழற்றவில்லை; வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்படியிருந்தும் போனது சரி என்றே எண்ணுகிறேன். காரணம் கேட்பவர்கள் எதிர்பார்க்கும் விடை எனக்குத் தெரியும்: நடனம் நல்ல சிகிச்சை, பராமரிப்பாளர் நலமாயிருந்தால் நோயாளியும் நலமாயிருப்பார், முதலியன. அவற்றில் உண்மை உண்டு. நியூயோர்க்கின் புரூக்ளினில் 2001 இலிருந்து ஒரு நடனக்குழு பார்க்கின்சன் நோயாளருக்கு வகுப்புகள் நடத்திவருகிறது. இன்று பல நாடுகளில் அத்தகைய வகுப்புகள் உள்ளன. 75 வயதைக் கடந்த 469 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உடலசைவு சார்ந்த பொழுதுபோக்குகளுள் நடனம் மட்டுமே மறதிநோய் குறைவாயிருந்ததோடு தொடர்புற்றிருந்தது. நடனம் அவர்களைக் காத்ததா, நலமாயிருந்தவர்கள்தாம் ஆடப்போனார்களா என்பதை அப்படியான ஆய்வு தீர்த்துச் சொல்லாது.

ஆனால் என் மறுப்பு வேறு. நான் செய்யும் எல்லாவற்றையும் அவருடைய நோயோடு முடிச்சுப்போட்டே நியாயப்படுத்தவேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. நடைப்பயிற்சி போனால் அவரைத் தூக்கும் வலு வேண்டும் என்பதற்காக. நித்திரை கொண்டால் இரவில் விழித்திருக்கவேண்டும் என்பதற்காக. வரிசை நடனத்தையும் அந்தப் பட்டியலில் எழுதிவிடாதீர்கள். அந்த மண்டபத்தில் எவரும் என்னிடம் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. அடுத்த அடி எது என்பது மட்டுமே பேச்சு. இரண்டு நாட்கள் நான் பிழை விட்டதெல்லாம் காலால் விட்ட பிழை. எவருக்கும் நோகாத பிழை. மாத்திரையிலும் குளியலறையிலும் படியிலும் பிழை விடவே கூடாது என்று வாழ்பவர்களுக்கு அது என்னவென்று புரியும்.

இப்படி எழுதிவிட்டு அடுத்த செய்தியைச் சொல்ல எனக்கே சற்று வெட்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை காலை அடுப்படி வாசலில் அவர் வழக்கம்போல் உறைந்து நின்றார். வாருங்கள், வாருங்கள் என்று நான் இழுப்பதுதான் வழமை. இழுப்பது தவறு என்று இயன்மருத்துவர் பலமுறை சொல்லியும் கை போய்விடும். அன்று என்னையறியாமல் வோல்ட்ஸ் கணக்கை எண்ணத் தொடங்கினேன். இடம், வலம் என்று நின்ற இடத்திலேயே பாரத்தை மாற்றி அசைந்தார். அடுத்த ஒன்றில் கால் எழுந்தது. தாளமும் எண்ணிக்கையும் உறைந்த காலை விடுவிக்க உதவலாம் என்பது மருத்துவம் அறிந்த செய்திதான். எங்களுக்கும் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். எல்லா நாளும் பலிப்பதில்லை. எல்லோருக்கும் பலிக்கும் என்றும் சொல்லமாட்டேன். முந்திரிகைக் கொடி போன்ற கால் மாற்றிப் போடும் அடிகளையோ சட்டென்ற சுழற்சியையோ வீட்டில் முயலவேண்டாம். தடுக்கி விழ அதுவே போதும். உங்கள் இயன்மருத்துவரிடம் முதலிற் கேளுங்கள்.

மருத்துவமனையிடம் ஒரு வேண்டுகோள். வாராந்த இயன்மருத்துவ வகுப்பில் நோயாளர் இசைக்குக் கையும் காலும் அசைக்கும்போது, கூட வந்த நாங்கள் பன்னிரண்டு பேர் வெளியே நடைக்கூடத்தில் சுவரோரம் அமர்ந்து கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்த அறை அந்நேரத்தில் வெறுமையாகவே இருக்கிறது. கதிரைகளை ஒதுக்கி, ஒரு பாட்டை ஒலிக்கவிட்டால் போதும். பதினெட்டு அடி நடனம் ஒன்றை நானே சொல்லித் தருவேன், பிழையோடு.

அன்று அடுப்படி வாசலைத் தாண்டி வந்து கதிரையில் அமர்ந்தபின் அவர் கேட்டார்: "என்னப்பா, அங்கை எத்தினை தரம் பிழை விட்டனீர்?" எண்ணவில்லை என்றேன். அவருடைய முகம் சிரிப்பைக் காட்டுவதில்லை. தோள் குலுங்கியதைக் கண்டேன்.

அடுத்த வார இறுதி நிகழ்வு வசந்த காலத்தில். பெயரைக் கொடுத்துவிட்டேன். மாத்திரை வேளைக்கு மணியடிக்கும் பெட்டியொன்றை மகன் வாங்கி வந்திருக்கிறான். இப்போதே பழகிக்கொள்ளவேண்டும் என்று நாள்தோறும் அதை அடிக்கவிடுகிறோம். நண்பகல் மணி மட்டும் ஐந்து நிமிடம் முந்தி அடிக்கிறது. அதைச் சரிசெய்யவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.