இயந்திரம் விரட்டும் மனிதர்கள்

நாட்டின் முதல் ஓட்டுநரில்லா மெட்ரோ ரயில், டெல்லி ஜனக்புரி மேற்கு நிலையத்துக்கும் பொட்டானிக்கல் கார்டனுக்கும் இடையே 2020 டிசம்பர் 28 அன்று ஓடத் தொடங்கியது. இன்று அதே ஜனக்புரியில், செயலியில் ஆர்டர் செய்தால் பாலும் கொத்தமல்லியும் சில நிமிடங்களில் வாசலுக்கு வந்துவிடுகின்றன. எந்தப் பகுதியில் எது விற்கும் என்று கணினி கணிக்கிறது. குடியிருப்புகளை ஒட்டிய சிறு கிடங்குகளில் சரக்கு அதற்கேற்ப நிரம்புகிறது. எந்த அலமாரியில் எது இருக்கிறது என்பதையும் ஊழியருக்குத் திரையே காட்டுகிறது.

ரயிலுக்கு ஓட்டுநர் தேவையில்லை. ஆனால் கிடங்கிலிருந்து வாசல்வரையிலான கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு இன்னும் மனிதர்தான் வேண்டும், டெல்லியின் மே மாத வெயிலிலும். யாருக்கு எந்த ஆர்டர், யாருடைய கணக்கை முடக்குவது என்பதையெல்லாம் செயலி முடிவு செய்கிறது. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. வசதியை நாமும் அனுபவிக்கிறோம், மறுப்பதற்கில்லை.

கிடங்குகளின் நிலையும் மெச்சும்படி இல்லை. பக்கத்து மானேசரில் ஒரு கிடங்கில், சரக்கை இறக்கி முடிக்கும்வரை கழிப்பறைக்கோ தண்ணீர் குடிக்கவோ போகமாட்டோம் என்று தொழிலாளர்களிடம் உறுதிமொழி வாங்கியதாக வந்த செய்தியை அடுத்து, தேசிய மனித உரிமை ஆணையம் 2024 ஜூனில் நோட்டீஸ் அனுப்பியது.

2029-30இல் நாட்டில் இப்படிச் செயலி வழியே வேலை பெறுவோர் உள்ளிட்ட கிக் தொழிலாளர்கள் 2.35 கோடிப் பேர் இருப்பார்கள் என்பது நிதி ஆயோக்கின் கணிப்பு. ராஜஸ்தான் 2023இல் அவர்களுக்கெனச் சட்டம் இயற்றியது. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம், தானியங்கி முடிவுகள் குறித்துத் தொழிலாளிக்கு விளக்கம் பெறும் உரிமை தருகிறது. டெல்லி அரசும் அந்த உரிமையைச் சட்டமாக்க வேண்டும்.