தாயைத் தண்டித்துச் சேயைக் காக்க முடியுமா?

போதைப்பொருளுக்குக் கடுந்தண்டனை வேண்டும் என்னும் குரல் நம் நாட்டில் ஓங்கி ஒலிக்கின்றது. அதனை விற்றுப் பொருள் குவிப்போர்மீது நமக்கு இரக்கமில்லை. ஆனால், அப்பழக்கத்துக்கு அடிமையான பெண்ணொருத்தி கருவுற்றிருப்பாளாயின் அவளை என் செய்வது? சிறைக்கு அனுப்புவதா, சிகிச்சைக்கு அனுப்புவதா? விடை கூறுமுன், அமெரிக்கா கற்ற பாடத்தை நாம் அறிந்துகொள்ளல் நன்று.

1989ஆம் ஆண்டு, தென் கரோலினா மாநிலத்துச் சார்ள்ஸ்ரன் நகரிலே, மருத்துவப் பல்கலைக்கழக வைத்தியசாலை பொலிசாருடன் கைகோத்தது. அங்கு வந்த கர்ப்பிணிகள் பலரின் சிறுநீர் கொக்கெயினுக்காகச் சோதிக்கப்பட்டு, முடிவு பொலிசாருக்கு அறிவிக்கப்பட்டது. 30 பெண்கள் கைதாயினர். அவர்களுள் ஒருவர் நீங்கலாக ஏனையோர் கறுப்பினத்தவர். சட்டத்தின் கடுமை எளியோரையே முதலில் தாக்கும் என்பதைச் சிறுபான்மை மக்களாகிய நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

வழக்கு அந்நாட்டு உயர்நீதிமன்றம்வரை சென்றது. பொலிசாருக்குச் சான்று திரட்டும் நோக்குடன், நோயாளியின் சம்மதமும் நீதிமன்றப் பிடியாணையும் இன்றி வைத்தியசாலை செய்யும் இத்தகைய சோதனை அரசியலமைப்புக்கு முரணானது என 2001இல் ஆறு நீதியரசர்கள் தீர்ப்பளித்தனர், மூவர் மாறுபட்டனர்.

இதன் பின்னரும் 2014இல் ரென்னசி மாநிலம், கர்ப்பகாலத்தில் போதைப்பொருள் உட்கொண்டமையாற் குழந்தை பாதிக்கப்படின் தாய்மீது வழக்குத் தொடர இடமளித்துச் சட்டமியற்றியது. 2016 ஜூலையில் அது காலாவதியாயிற்று. சட்டமன்றம் அதனைப் புதுப்பிக்கவில்லை. தண்டனைக்கு அஞ்சும் பெண் மருத்துவரை நாடாள் என அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் கல்லூரி 2011லேயே எச்சரித்திருந்தது.

மருத்துவ உண்மையும் இதற்குத் துணை நிற்கின்றது. ஹெரோயினுக்கு அடிமையான கர்ப்பிணி அதனைத் திடீரென நிறுத்துதல் கருவுக்கு ஆபத்தாகலாம். ஆதலின், மாற்று மருந்துடன் கூடிய சிகிச்சையையே உலக சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. அச்சிகிச்சையின்றி அவளைச் சிறையில் அடைப்போர் யாரைக் காக்கின்றனர்?

“வாயற்ற சிசுவுக்காகப் பேசுவார் யார்?” என வினவுவர் சிலர். நியாயமான வினாவே. குழந்தை பிறந்தபின் அதற்கு ஆபத்து உண்டெனின், சான்றுகளைச் சீர்தூக்கி நீதிமன்றம் தலையிடுதல் கடமை. ஆனால், கருவிலுள்ள சிசுவை அடையும் வழி தாய் ஒருத்தியே. அவள் அஞ்சி ஒளிந்தால், சிசுவுக்கும் மருத்துவம் இல்லை.

இந்நாட்டில் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றிய காலந்தொட்டு, தாய் சேய் நலத்துக்கு உறுதுணையாய் நிற்பவர் கிராமத்து மருத்துவமாது. தோட்ட வெளியிலும் வயலோரத்திலும் உள்ள குடிசைக்குள் அவர் தடையின்றி நுழைவது மக்கள் வைத்த நம்பிக்கையினாலேயாம். அவர் கையிலுள்ள பதிவேடு பொலிஸ் நிலையத்துக்குச் செல்லும் என்ற ஐயம் ஒருமுறை எழுந்தாற் போதும், கதவுகள் மூடிக்கொள்ளும்.

எனவே அரசாங்கத்திடம் நாம் கோருவன மூன்று. கர்ப்பிணி மருத்துவரிடம் கூறியவை அவளுக்கெதிரான சான்றாகலாகாது. கர்ப்பிணிகளுக்கான போதை மீட்புச் சிகிச்சை மாவட்டந்தோறும் தமிழ்மொழியிலும் கிடைத்தல் வேண்டும். வறுமை ஒன்றையே காரணங்காட்டித் தாயையும் சேயையும் பிரித்தலாகாது.

தண்டனையைச் சட்டத்தில் எழுதுதல் எளிது, செலவும் குறைவு. சிகிச்சைக்குப் பணமும் பொறுமையும் வேண்டும். சேயின்மீது மெய்யான அக்கறை கொண்ட அரசாங்கம் அவ்விரண்டையும் தாய்க்கு மறுத்தலாகாது.