தரகும் அமானிதமும்

சேலம் கோட்டையிலும் நாமக்கல்லிலும் இராசிபுரத்திலும் இந்நாளில் வீட்டு முன்னறைகள் பயண நிறுவனங்களாகி வருகின்றன. ஒரு மேசை, ஒரு கணினி, சுவரில் கஅபாவின் படம், வாசலில் 'ஹஜ், உம்ரா' என்றொரு பலகை. இதைக் கண்டு பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். வணக்கத்தை வணிகமாக்கிவிட்டார்களாம். கடை வாடகைக்கு வழியில்லாத இளைஞன் வீட்டிலிருந்து பயணச்சீட்டு விற்றால் இழிவு. அதையே சென்னையில் குளிரூட்டிய அலுவலகத்தில் விற்றால் சேவை! இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. சேலத்திலிருந்து ஜித்தாவுக்கு விமானமில்லை. 2022இல் சென்னையிலிருந்தும் ஹஜ் விமானம் புறப்படாமல், நம் மக்கள் கொச்சிக்குப் போக நேர்ந்தது. கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பத்துக்கும் முதியவர்களைக் கைபிடித்து அழைத்துச் செல்பவர் இந்த வீட்டு முகவரே.

மார்க்கமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஹஜ்ஜுக் காலத்தில் வாணிபத்தின் வழியே இறையருளைத் தேடுவது குற்றமன்று என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 198ஆம் வசனம் உணர்த்துகிறது. தரகரின் கூலிக்கென்றே இமாம் புகாரி தம் தொகுப்பில் ஒரு பாடம் அமைத்து, இப்னு சீரீன், அதாஉ, இப்ராஹீம், ஹஸன் ஆகியோர் அதில் தவறு காணவில்லை என்பதைப் பதிந்திருக்கிறார். 'ஸமாஸிரா', அதாவது தரகர்கள், என்று வழங்கப்பட்டோரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வணிகர்கள் என்னும் மேலான பெயரால் விளித்தார்கள். வியாபாரத்தில் வீண்பேச்சும் சத்தியமும் புகுந்துவிடுவதால் தருமத்தையும் அதனோடு கலந்துகொள்ளுமாறு பணித்தார்கள். கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) வழியாக வரும் இச்செய்தியை அபூதாவூதிலும் திர்மிதியிலும் காணலாம்.

ஆக, தொழிலில் இழுக்கில்லை. தரகர் தம்மைத் தரகர் என்று சொல்லாமல் மறைப்பதில்தான் இழுக்கு.

வீட்டு முகவர் பெரும்பாலும் விமான நிறுவனத்திடம் நேரே சீட்டு வாங்குவதில்லை. அதற்கான அங்கீகாரமும் பிணைத்தொகையும் அவரிடம் இரா. பெருநகரிலுள்ள மொத்த முகவரிடம் வாங்குகிறார். விசாவும் விடுதியும் இன்னொருவர் கையில். ஆனால் விளம்பரத் தாளிலோ எல்லாம் தமதே என்று அச்சாகிறது. 2020 பிப்ரவரி 27இல் கொரோனா நோயின் காரணமாக சவூதி அரசு உம்ராவுக்கு வருவோரைத் தடுத்தபோது இதன் விலை தெரிந்தது. பணம் மேலே சிக்கிக்கொண்டது. கொடுத்தவர்களோ கீழே இருந்தவரின் வீட்டுவாசலில் நின்றார்கள். லாரி ஓட்டிச் சேர்த்த பணத்தைக் கட்டிய ஒருவர் நம்மிடம் ரசீதைக் காட்டினார். துண்டுத்தாளில் தொகை மட்டும் இருந்தது, தேதிகூட இல்லை. கடனை எழுதி வைக்கக் கட்டளையிடும் வசனமே திருமறையில் மிக நீளமான வசனம் என்று ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கும் நாம் அன்று நாணினோம்.

ஹஜ்ஜில் கேடு இன்னும் பெரிது. தனியார் வழியில் ஹஜ்ஜுக்கு அழைத்துச் செல்லும் நிறுவனம் மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வீட்டு முகவர் அதற்கு ஆள் சேர்ப்பவர் மட்டுமே. 2025இல் இந்தியாவுக்குக் கிடைத்த 1,75,025 இடங்களில் தனியாருக்கு ஒதுக்கிய 52,507இல் பெரும்பகுதி, உரிய காலத்தில் ஏற்பாடுகள் முடியாமையால் கைநழுவியது. பின்னர் 10,000 பேருக்கு மட்டுமே வழி திறந்தது. பதிவு பெற்றோர் நிலையே இது. இதில் சுற்றுலா விசாவிலேயே ஹஜ் செய்விக்கிறோம் என்பவர்களை என்னென்பது? கடும் வெயிலில் நடந்த 2024 ஹஜ்ஜில் 1,301 பேர் மாண்டனர் என்றும், அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்தோர் என்றும் சவூதி அரசு அறிவித்தது. அனுமதியில்லாதவருக்குக் கூடாரமில்லை, பேருந்தில்லை. எகிப்து அரசு 16 பயண நிறுவனங்களின் உரிமத்தைப் பறித்தது. மாண்டவர் திரும்பவில்லை.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். வீட்டு முகவரின் முதலீடு எது? பணமன்று, உலமாக்களாகிய நம் தாடியும் தலைப்பாகையுமே. நம்மிடமே ஒருவர் வந்தார். "இருபது பேரைச் சேர்த்துத் தந்தால் அமீராகத் தங்களுக்கு ஓர் இருக்கை இலவசம், ஹஜ்ரத்" என்றார். அது இலவசமன்று, இருபது பேரின் கட்டணத்தில் பங்கிட்டு ஏற்றப்பட்டது. அறிவித்துப் பெற்றால் அது தரகுக் கூலி, ஆகுமானது. மறைத்துப் பெற்றால் மோசடி. ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் ஏற்றவர் என்று மிம்பரில் நின்று சொல்பவர்கள் நாமல்லவா? நகை விற்ற பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, எந்த நிறுவனம் நல்லது என்று கேட்டு வரும் கைம்பெண், நம் இருக்கைக்கும் சேர்த்தே கொடுக்கிறார் என்பதை அறிவாரா? இதற்காக உலமாப் பெருமக்கள் நம்மீது சினங்கொள்வார்களாயின், கொள்ளட்டும்.

வந்தவரிடம் சொன்னோம்: "மொத்த முகவர் பெயரையும் உங்கள் தரகையும் நம் இலவச இருக்கையையும் தாளில் அச்சிடுங்கள், வருகிறோம்." 

"அப்படி அச்சிட்டால் யார் சேர்வார்கள், ஹஜ்ரத்?" என்றவர், தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் அதே தாள் வேறொரு பள்ளிவாசலின் வாயிலில் வழங்கப்பட்டது. அமீர் என்ற இடத்தில், நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரின் பெயர் இருந்தது.