பழைய குதிரையும் புதுச் சேணமும்

முன்னொரு காலத்தில் நம்மிடம் பௌதிகம் படித்த மாணாக்கர் ஒருவர் இப்போது இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கிறார். படிக்கிற நாளில் அவருக்குப் பரீட்சையைக் காட்டிலும் மோட்டார் வண்டிகளிலேயே சிரத்தை அதிகம். சென்ற வருஷம் அவர் தம்முடைய நெடுநாளைய ஆசை ஒன்றைத் தீர்த்துக்கொண்டார். 1972-ஆம் வருஷத்தில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை, அதை ஏறக்குறைய ஐம்பது வருஷ காலம் வைத்துக் காப்பாற்றிய முதியவர் ஒருவரிடமிருந்து வாங்கிவிட்டார். சில மாதங்கள் கழித்து நமக்கு எழுதினார்:

"ஸார், வண்டி பார்ப்பதற்கு லக்ஷணமாக இருக்கிறது. ஆனால் ஓட மாட்டேன் என்கிறது. வேல்ஸ் மலைச் சாலையில் ஏறும்போது பின்னால் வரும் சரக்கு லாரிக்காரன் கூட ஹாரன் அடிக்கிறான். எஞ்சினுக்குப் பலம் கூட்ட வேண்டும். கையில் இருப்பது ஆயிரம் பவுன். அதற்கு மேல் ஒரு பென்னி கூடச் செலவழிக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. எந்தச் சாமானை வாங்கலாம் என்று தாங்கள்தாம் சொல்ல வேண்டும்."

கடிதத்துடன் ஒரு பட்டியலும் இருந்தது. பெரிய வெபர் கார்ப்பரேட்டர், பந்தயக் கேம்ஷாஃப்ட், எஃகுக் குழாய்களால் ஆன எக்ஸாஸ்ட், புது மாதிரிக் காற்று வடிகட்டி, எலெக்ட்ரானிக் இக்னிஷன் ஆகிய ஐந்தும் அதில் அடக்கம். பட்டியலைப் படித்ததும் நமக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருஷங்களுக்கு முன்னால் நாமும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்கு இப்படியேதான் பட்டியல் போட்டோம். ஸைலென்ஸரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொரு குழாயை மாட்டினோம். தெருவிலுள்ள நாய்களெல்லாம் குரைத்தன. வண்டியின் வேகம் மட்டும் குறைந்துவிட்டது. சத்தத்தைச் சக்தி என்று நினைப்பது வாலிபத்தின் முதல் தவறு.

நேயர்களில் பலர் எம்.ஜி.பி.யைக் கண்ணால் கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரையில் அந்த வண்டி தயாராயிற்று. மொத்தம் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். கொள்ளளவு 1,798 கன சென்டிமீட்டர். புதிதாக இருந்தபோது பலம் சுமார் 95 குதிரைச் சக்தி. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட ஏறக்குறைய 12 விநாடி பிடிக்கும். முழு வேகம் 100 மைலுக்குச் சற்று அதிகம். அந்தக் காலத்தில் இவை பெருமைப்படத்தக்க எண்கள். இன்றோ சாதாரணக் குடும்பக் கார்கள் பல இதைவிடச் சுறுசுறுப்பாகக் கிளம்புகின்றன. ஆகையால் மாணாக்கருடைய ஆசையை நாம் குறை சொல்லவில்லை. ஆசையைத் தீர்த்துக்கொள்ளும் வரிசையைப் பற்றியே நமக்கு ஆக்ஷேபம்.

எஞ்சின் என்பது மூச்சு விடும் யந்திரம். இந்த எஞ்சின் நிமிஷத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றும்போது, சிலிண்டர்கள் முழுமையாக நிரம்பினால், ஏறக்குறைய 4,850 லிட்டர் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ள வேண்டும். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவுக்குத் தகுந்த பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். எரிந்த அளவுக்குத்தான் பலம் கிடைக்கும். காற்று போகும் பாதையில் வடிகட்டி, கார்ப்பரேட்டர், வால்வு, எக்ஸாஸ்ட் என்று பல வாசல்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் குறுகிய வாசல் எதுவோ அதுவே மொத்தப் போக்குவரத்தையும் நிர்ணயிக்கும். கோயிலின் உள்வாசல் குறுகலாக இருக்கையில் ராஜகோபுர வாசலை இடித்து அகலப்படுத்தினால், கூட்டம் பிராகாரத்தில் நெரியுமே அல்லாமல் சந்நிதிக்கு விரைவில் போய்ச் சேராது.

இந்த எஞ்சினின் குறுகிய வாசல், வால்வுகள் இருக்கும் சிலிண்டர் ஹெட்டில் இருக்கிறது. நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்துக் காற்று நுழைய இரண்டே வாயில்கள். புகை வெளியேற மூன்று. இரண்டு சிலிண்டர்கள் ஒரே வாயிலைப் பங்கிட்டுக்கொண்டு மூச்சு விடுகின்றன. இதை அப்படியே விட்டுவிட்டு வெளியே பெரிய வெபர் கார்ப்பரேட்டரை மாட்டுவதால் செலவுக்குத் தகுந்த பலன் கிடைக்காது. அந்தக் கார்ப்பரேட்டரோ ஆயிரம் பவுனில் பெரும் பங்கை விழுங்கிவிடும்.

ஆனால் ஹெட்டைத் தொடுவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு நம்முடைய பள்ளிக்கூடத்துச் சம்பவம் ஒன்று உதவும். கடைசிப் பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். கணக்கில் எப்போதும் பின்தங்கினான். அவனுக்கு மூளை போதாது என்று தகப்பனாரிடம் நாமே சொன்னோம். அவர் கடன் வாங்கி இரண்டு வாத்தியார்களிடம் டியூஷன் வைத்தார். ஆறு மாதம் கழித்துக் கண் வைத்தியர் ஒருவர் பள்ளிக்கு வந்து எல்லாப் பிள்ளைகளையும் பரிசோதித்தபோதுதான், அந்தப் பையனுக்குக் கரும்பலகையில் எழுதுவது தெரியவே இல்லை என்பது வெளியாயிற்று. ஒரு மூக்குக் கண்ணாடியில் தீர வேண்டிய காரியத்துக்கு அந்தத் தகப்பனார் பட்ட கடனை நினைத்தால் நமக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஆகவே மாணாக்கருக்கு இவ்வாறு எழுதினோம்: "தம்பி, உம்முடைய வண்டி 95 குதிரைகளோடு பிறந்தது. இப்போது அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று முதலில் எண்ணிப் பாரும். காணாமற்போன குதிரைகளைத் தேடிப் பிடிப்பதற்கு ஆகும் செலவு, புதுக் குதிரைகள் வாங்கும் செலவைவிட மிகக் குறைவு."

எண்ணிப் பார்க்கும் வழியையும் எழுதினோம். மிகச் சுலபமானது முதலில். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் ஆக்ஸிலரேட்டரைத் தரை வரையில் அழுத்த, மற்றொருவர் கார்ப்பரேட்டரின் மூடி முழுவதும் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் கேபிள் தளர்ந்து, முக்கால் வாசி மட்டும் திறப்பது உண்டு. இதைச் சரி செய்யக் காசே வேண்டாம்.

அடுத்தபடி கம்ப்ரஷன் சோதனை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று அளவு மானியை வைத்துப் பார்க்க வேண்டும். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருத்தல் அவசியம். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில்தான் கோளாறு.

மூன்றாவது, தீப்பொறி. டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் சின்னஞ்சிறு ஸ்பிரிங்குகள் வருஷக் கணக்கில் தளர்ந்துபோனால், எஞ்சின் வேகமாகச் சுழலும்போது தீப்பொறி உரிய காலத்தில் பிறப்பதில்லை. எலெக்ட்ரானிக் இக்னிஷன் நல்ல சாமான்தான். பாயிண்டுகளைத் தேய்த்துச் சரி செய்யும் தொல்லையைப் போக்கும். ஆனால் இந்த ஸ்பிரிங்குகளின் கோளாறை அது போக்காது. நான்காவது, வண்டியோடு பிறந்த இரட்டை எஸ்.யு. கார்ப்பரேட்டர்கள். அவற்றின் தண்டு தேய்ந்தால் பக்கவாட்டில் திருட்டுக் காற்று நுழையும். அதைப் புதுப்பித்து இரண்டையும் ஒத்து ஓடச் செய்தால், தெருவில் ஓட்டுகிறவர் அதற்கு மேல் ஆசைப்பட வேண்டிய அவசியம் மிகக் குறைவு.

இங்கே ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். 1975 முதல் அமெரிக்காவுக்கு அனுப்பிய வண்டிகளில், அந்நாட்டுப் புகைச் சட்டங்களின் பொருட்டு, இரட்டைக் கார்ப்பரேட்டரை எடுத்துவிட்டு ஒற்றை ஸ்ட்ராம்பெர்க்கைப் பொருத்தினார்கள். மற்ற மாறுதல்களும் சேர்ந்து, பலம் அறுபத்துச் சொச்சம் குதிரைகளாக இறங்கிற்று. அப்படிப்பட்ட வண்டிக்குப் பழைய இரட்டை எஸ்.யு.வைத் திரும்ப மாட்டுவது உண்மையாகவே பயன் தரும். ஆனால் அந்தந்த ஊரின் புகைச் சட்டம் இடங்கொடுக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

பட்டியலிலிருந்த மற்றவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் சொன்னோம். புது வடிகட்டி ஓரிரு குதிரைகள் தரக்கூடும். ஆனால் உள்ளே போகும் காற்று அதிகமானால், எஸ்.யு. கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஊசியையும் அதற்குத் தக்கபடி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடு ஏறி, வால்வு கருகும். எக்ஸாஸ்ட் விஷயத்தில், வண்டியோடு வந்த வார்ப்பிரும்பு மானிஃபோல்டு அப்படியொன்றும் மோசமானதல்ல. பின்னாலுள்ள குழாய் துருப்பிடித்து மாற்ற வேண்டிய நாள் வரும்போது நல்லதாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். பந்தயக் கேம்ஷாஃப்ட் வேண்டவே வேண்டாம் என்றோம். வால்வுகளை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று ஆணையிடும் தண்டு அது. பந்தயத்துக்கென்று கடைந்த தண்டு, உச்ச வேகத்தில் பலத்தைக் கூட்டிக் கீழ் வேகத்தில் பறித்துக்கொள்ளும். மலைச் சாலையில் ஏறுகிறவருக்கு வேண்டியது கீழேயிருந்து இழுக்கும் பலமே அல்லவா?

இவ்வளவையும் எழுதிவிட்டு, மாணாக்கர் கேளாத விஷயம் ஒன்றையும் சேர்த்தோம். அவருக்கு இரண்டு குழந்தைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவனை அந்த வண்டியில் பக்கத்தில் உட்காரவைத்து அழைத்துப் போகிறார். மணிக்கு 60 மைலில் போகும் வண்டியை 70 மைலில் விட்டால் வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடுகிறது. பிரேக் உறிஞ்சித் தீர்க்க வேண்டிய சக்தியோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. பிரிட்டனில் நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, பெரிய மாறுதல்கள் செய்யப்படாதிருந்தால், வருஷாந்தரக் கட்டாயப் பரிசோதனையிலிருந்து 2018 மே மாதம் முதல் விலக்கு அளித்திருக்கிறார்கள். கேட்கிறவர் இல்லை என்பதாலேயே பொறுப்பு சொந்தக்காரருடையதாகிறது. ஆகையால், "ஆயிரம் பவுனில் முதல் இருநூறை எடுத்துத் தனியே வையும். அது பிரேக்குக்கும் டயருக்கும். மிச்சத்தை வைத்துத்தான் எஞ்சினைப் பற்றிப் பேசலாம்" என்று எழுதினோம். எஞ்சினில் எதை மாற்றினாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்கும்படியும் நினைவூட்டினோம்.

இரண்டு மாதம் வரையில் பதில் இல்லை. மாணாக்கருக்குக் கோபம் என்றே நினைத்தோம். பிறகு கடிதம் வந்தது. மூன்று சிலிண்டர்கள் ஏறக்குறைய 150 பவுண்டு அழுத்தம் காட்டினவாம். மூன்றாவது சிலிண்டர் மட்டும் 90. எண்ணெய் விட்டும் முள் அசையவில்லை. ஹெட்டைக் கழற்றிப் பார்த்ததில் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று ஓரம் கருகிப்போயிருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்கென்று செய்யப்பட்டவை. ஈயம் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. ஜனங்களின் ஆரோக்கியத்தை முன்னிட்டு, 2000-ஆம் வருஷத் தொடக்கத்திலிருந்து பிரிட்டனில் அந்தப் பெட்ரோலின் பொது விற்பனையை நிறுத்திவிட்டார்கள். காற்றுக்கு நல்லதுதான், ஆனால் பழைய ஹெட்டுகளில் கடினமான புது வளையங்களை இறக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. மாணாக்கரின் வண்டியில் யாரும் அதைச் செய்திருக்கவில்லை.

எப்படியும் ஹெட்டைக் கழற்றியாகிவிட்டது. வளையங்களை இறக்கும்போதே, அந்த இரண்டு குறுகிய காற்று வாயில்களின் உட்புறத்தையும் வழவழப்பாகச் செதுக்கித் தரும்படி பட்டறைக்காரரைக் கேட்டுக்கொண்டார். தனியாகச் செய்தால் பெருஞ்செலவாகும் வேலை, ரிப்பேரோடு சேர்ந்து செய்ததால் கொஞ்சத்தில் முடிந்தது. கார்ப்பரேட்டர் தண்டுகளையும் புதுப்பித்தார். டிஸ்ட்ரிப்யூட்டரைச் சீராக்கி, வண்டியை உருளைகளின் மேல் ஓட்டிப் பலத்தை அளக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், தீப்பொறியையும் ஊசியையும் ஒத்துப் பார்த்தார். பழைய பெட்ரோல் குழாய்களையும் மாற்றிவிட்டார். 2021 செப்டம்பர் முதல் அங்கே சாதாரணப் பெட்ரோலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரையில் எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பரை அரித்துவிடும். பிரேக்குக்கு வைத்த இருநூறையும் அதற்கே செலவழித்தார். எல்லாம் போகக் கையில் மிச்சம் பதினோரு பவுன்.

"வண்டியை விற்ற பெரியவரை அழைத்துப்போய் அதே மலையில் ஏறிக் காட்டினேன்" என்று எழுதியிருக்கிறார். "அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. உச்சிக்குப் போனதும், வாங்கிய புதிதில் இது இப்படித்தான் ஏறிற்று, எப்போது நின்றுபோயிற்று என்றே எனக்குத் தெரியாது என்றார்."

அந்த வாக்கியத்தை நாம் இரண்டு முறை படித்தோம். தினந்தோறும் ஒரு துளியாகப் போகும் பலம், கூடவே இருப்பவர் கண்ணுக்குப் படுவதில்லை. கடைசிப் பெஞ்சுப் பையன் விஷயத்தில் நமக்கு நேர்ந்ததும் இதுதான்.

கடிதத்தின் அடியில் மாணாக்கர் ஒரு வரி சேர்த்திருந்தார்: "அடுத்த வருஷம் வெபர் கார்ப்பரேட்டர் வாங்கலாமா, ஸார்?" வீட்டில் உத்தரவு வாங்கிக்கொண்டு எழுதும்படி பதில் போட்டிருக்கிறோம்.