மாடு மேய்ந்தது என் கொல்லையில், அபராதம் போவது டெல்லிக்கு

போன வாரம் வகுப்பில் ஒரு செமினார். தலைப்பு, ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர். நம்ம வகுப்பு நண்பர் ஒருவர் நன்றாகத்தான் பேசினார். 2023 மே மாதம் அயர்லாந்தின் தகவல் பாதுகாப்பு ஆணையம் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவுக்கு 120 கோடி யூரோ அபராதம் போட்டது என்றதும் எல்லோரும் கை தட்டினோம். கடைசியில், "நம்ம நாட்டுச் சட்டத்திலும் 250 கோடி ரூபாய் வரை அபராதம் இருக்கிறது, நாமும் பின்தங்கிவிடவில்லை" என்று முடித்தார். அதற்கும் கை தட்டல். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்போது எழுந்து பேச தைரியம் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன் :-)

முதலில் சொந்தக் கதை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மதியம் சாப்பிட உட்காரும் முன்பே அப்பா நம்பருக்கு நாலைந்து காலேஜிலிருந்து போன். "சார், உங்க பையன் காமர்ஸ் குரூப்தானே?" என்றே ஆரம்பிக்கிறார்கள். கீழ்பென்னாத்தூரில் பக்கத்துத் தெருவுக்கே என் மார்க் தெரியாது, சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் போனில் அப்பாவுக்குப் பெருமை. நாலாவது போனில், "நம்ம நம்பரை இவங்களுக்கு யார்றா குடுத்தது?" என்று என்னையே முறைத்தார். யாரோ ஒரு பட்டியலை யாருக்கோ விற்றிருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2021 ஏப்ரலில் ஃபேஸ்புக் பயனர்கள் 53.3 கோடிப் பேரின் விவரங்கள் இணையத்தில் இலவசமாகவே கொட்டப்பட்டன. 106 நாட்டுக்காரர்கள், அதில் இந்தியர்கள் சுமார் 60 லட்சம். திருடிய விதம் ரொம்ப சுலபம். "உங்கள் போனில் உள்ள நண்பர்களைக் கண்டுபிடியுங்கள்" என்று ஒரு வசதி உண்டல்லவா? அதில் வாய்க்கு வந்த போன் நம்பர்களை லட்சக்கணக்கில் போட்டு, எந்த நம்பர் யாருடையது என்று பெயரோடு அள்ளிவிட்டார்கள்.

இதற்கு ஐரோப்பாவில் இரண்டு விஷயம் நடந்தது. ஒன்று, 2022 நவம்பரில் அயர்லாந்து ஆணையம் மெட்டாவுக்கு 26.5 கோடி யூரோ அபராதம் போட்டது. செய்தித்தாளில் வந்தது இதுதான். இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்கள் தனித்தனியாகக் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜிடிபிஆரின் 82வது பிரிவு, பாதிக்கப்பட்டவர் நேரடியாக நஷ்டஈடு கேட்கலாம் என்கிறது. பணம் போயிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கம்பெனி வக்கீல்கள், "நம்பர்தானே வெளியே போனது, உனக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார்கள். 2024 நவம்பர் 18 அன்று ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் அதற்குப் பதில் சொன்னது. தன் தகவல் தன் கையை விட்டுப் போனதே நஷ்டம்தான், அதை வைத்து மோசடி நடந்ததாக நிரூபிக்கத் தேவையில்லை. 100 யூரோ அளவில் ஈடு கொடுப்பதில் தவறில்லை என்று கோடி காட்டி, வழக்கை மேற்கொண்டு விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. அப்போதைய மதிப்பில் நம்ம பணத்தில் சுமார் 9,000 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் அது அந்த ஆளின் கைக்குப் போகிற பணம்.

அதே 2024 நவம்பர் 18 அன்று இந்தியாவிலும் ஒரு தீர்ப்பு வந்தது, அதே மெட்டா மேல். வாட்ஸ்அப் 2021இல் "புது கொள்கைக்கு ஒத்துக்கொள், இல்லாவிட்டால் நடையைக் கட்டு" என்று எல்லோருக்கும் ஒரு நோட்டீஸ் காட்டியது நினைவிருக்கும். அதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இல்லாததால் வியாபாரப் போட்டிச் சட்டத்தை வைத்துச் சமாளித்தார்கள். விளம்பரத்துக்காக மற்ற மெட்டா கம்பெனிகளுடன் தகவலைப் பகிர 5 வருடம் தடையும் போட்டார்கள். 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை வைத்துக்கொண்டு தடையை எடுத்துவிட்டது.

பி.காம் படிக்கிறோம், கணக்குப் போட்டுப் பார்க்கலாமா? மெட்டாவின் 2024ஆம் வருட வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால், ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 159 கோடி ரூபாய். அந்த 213 கோடி, அவர்களுக்கு 80 நிமிட வியாபாரம். நம்ம புதுச் சட்டத்தின் உச்சபட்ச 250 கோடி, சுமார் ஒன்றரை மணி நேரம். நாம் செமினார் ஹாலில் உட்கார்ந்திருந்த நேரத்திலேயே சம்பாதித்து முடித்திருப்பார்கள். ஐரோப்பாவில் உச்சவரம்பு 2 கோடி யூரோ அல்லது உலக வருமானத்தில் 4 சதவீதம், எது அதிகமோ அது. அந்த 4 சதவீதம் மெட்டாவுக்கு 55,000 கோடி ரூபாயைத் தாண்டும். வருமானம் வளர வளர அபராதமும் வளரும். நம்முடையது நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஆனால் தொகையைவிட எனக்கு எரிச்சல், அந்தப் பணம் எங்கே போகிறது என்பதில். 2023 ஆகஸ்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அபராதம் முழுக்க மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவனுக்கு நஷ்டஈடு என்று ஒரு வரி கிடையாது. எங்க ஊர்ப் பக்கத்துக் கணக்கில் சொன்னால், பக்கத்து வீட்டு மாடு என் கொல்லையில் புகுந்து மல்லாட்டைச் செடியை மேய்ந்துவிட்டது. பஞ்சாயத்து கூடி மாட்டுக்காரனிடம் அபராதம் வாங்கிப் பொதுக் கணக்கில் போட்டுவிட்டுக் கலைந்து போகிறது. செடி போனவன் துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதோடு விடவில்லை. பொய்யாகவோ அற்பமாகவோ புகார் கொடுத்தால் புகார்தாரருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். எது அற்பம் என்று யார் முடிவு செய்வது? "நம்பர்தானே போனது" என்று ஜெர்மனியில் சொன்ன அதே வாதம் இங்கே வந்தால்?

இது தெரியாமல் நடந்த விடுபடல் என்றால்கூட மன்னிக்கலாம். நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் கொடுத்த வரைவில் நஷ்டஈடும் இருந்தது, உலக வருமானத்தில் 4 சதவீத அபராதமும் இருந்தது. 2019 மசோதாவிலும் இருந்தது. இரண்டும் பிறகு எடுக்கப்பட்டவை. போதாக்குறைக்கு, பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு, கம்பெனியின் அலட்சியத்தால் தகவல் கசிந்தால் நஷ்டஈடு கேட்க வழி கொடுக்கிறது. அதையும் புதுச் சட்டம் நீக்குகிறது.

43ஏ நொண்டிப் பிரிவுதான், ஒத்துக்கொள்கிறேன். பாஸ்வேர்டு, வங்கி விவரம், மருத்துவ விவரம், கைரேகை மாதிரியானவை மட்டும்தான் அதில் வரும், வெறும் போன் நம்பர் வராது. ஆனால் வழக்கைக் கேட்பவர் நம்ம மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர், சென்னையிலேயே. 2010 ஏப்ரலில் தமிழ்நாட்டின் அந்த அதிகாரி, ஃபிஷிங் மோசடியில் பணம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி ஐசிஐசிஐ வங்கிக்கு உத்தரவிட்டார். அது தகவல் கசிவு வழக்கு இல்லை, அதே சட்டத்தின் வேறு பிரிவு. இருந்தாலும் தனி ஆள் ஒருவர் பெரிய வங்கியை எதிர்த்துச் சென்னையிலேயே வென்றார். நொண்டிக் காலுக்குக் கட்டுப் போடாமல் காலையே வெட்டுவது என்ன வைத்தியம்?

ஐரோப்பா சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அந்த 120 கோடி யூரோ அபராதத்தின் மூலப் புகார் 2013இல் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் ஆஸ்திரியாவின் மாக்ஸ் ஷ்ரெம்ஸ். ஃபேஸ்புக்கிடம் "என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்டு 1,200 பக்கத்துக்கு மேல் வாங்கியபோது அவர் சட்டம் படிக்கும் மாணவர், நம்ம வயசுதான். முடிவு வர பத்து வருடம் ஆனது. ஆணையங்கள் தூங்கினால் தட்டி எழுப்ப ஷ்ரெம்ஸ் மாதிரி ஆள் கோர்ட்டுக்குப் போகலாம் என்பதுதான் அங்கே வித்தியாசம்.

"ஆளுக்கு 100 யூரோ கொடுத்தால் வக்கீல்கள்தான் பிழைப்பார்கள்" என்று சிலர் சொல்வார்கள். 60 லட்சம் இந்தியர்களுக்குத் தலைக்கு வெறும் 500 ரூபாய் என்று பெருக்கிப் பாருங்கள். 300 கோடி. நம்ம சட்டத்தின் உச்சபட்ச அபராதத்தையே தாண்டிவிட்டது. கம்பெனிகள் பயப்படுவது இந்தப் பெருக்கலுக்குத்தான்.

விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. கம்பெனிகளின் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம்தான் அமலுக்கு வரும். 43ஏ போவதும் அப்போதுதான். அதற்குள் ஒரே ஒரு திருத்தத்தில் நஷ்டஈட்டுப் பிரிவைத் திரும்பச் சேர்க்கலாம். 2018 வரைவிலேயே வாசகம் தயாராக இருக்கிறது, புதிதாக எழுதக்கூட வேண்டாம்.

நேற்று சாயங்காலமும் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது, இந்த வருட அட்மிஷனுக்கு. "பையன் பி.காம் மூணாவது வருஷம் படிக்கிறாம்மா" என்று பொறுமையாகச் சொன்னார். அந்தப் பக்கம் விடவில்லை. எம்.பி.ஏ. சீட்டும் இருக்கிறதாம்.