பெயருள்ளவனை மிருகமென்பதா?

கிரேக்கப் புராணத்தின் காளைத்தலை மனிதனான மினோட்டார் வெட்டி வீழ்த்துவதற்கென்றே பிறந்த வெறும் மிருகம் என்றும், அதன்பால் இரக்கம் கொள்வது 1947-இல் போர்ஹெஸ் எழுதிய சிறுகதைக்குப் பின் தோன்றிய நவீன மனோபாவம் என்றும் நண்பர் ஒருவர் வாதிடுகிறார். பழைய நூல்களையும் சித்திரங்களையும் ஒருசேரப் புறக்கணித்தாலன்றி இவ்வாதம் ஒரு கணமும் நிலைபெறாது.

அப்பல்லோடோரஸின் பெயரால் வழங்கும் கிரேக்கப் புராணத் தொகுப்பு அவனுக்கு அஸ்டீரியஸ் என்ற நாமத்தைச் சூட்டுகிறது. கடலிலிருந்து பொசைடன் அனுப்பிய காளையைப் பலியிடுவதாக வாக்களித்து, வேறொன்றைப் பலியிட்டு ஏய்த்தவன் மினோஸ் மன்னனே என்றும், அந்தத் தெய்வ கோபமே அரசி பாசிஃபேயை அக்காளையின் மீது மோகம் கொள்ளச் செய்து மினோட்டாரைப் பெறவைத்தது என்றும் அதே நூல் ஐயத்திற்கிடமின்றி உரைக்கிறது. குடும்பத்தின் அவமானமான அவனை மறைக்கவே கைவினைஞன் டீடலஸின் சுழல்வழி மாளிகை எழுந்தது என்பது ரோமானியக் கவிஞர் ஓவிட் கூறும் காரணம்.

பாரிஸ் தேசிய நூலகத்தில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் எட்ருஸ்கன் மட்கிண்ணம் ஒன்று உள்ளது. அதன் நடுவே தாய் பாசிஃபே அமர்ந்திருக்கிறாள். அவள் மடியில் கன்றின் தலையும் மனித உடலும் கொண்ட சிசு இருக்கிறது. கணினி விளையாட்டுகள் கோடரி கொடுத்து வழிமறிக்க நிறுத்தும் அரக்கனை, ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஓவியன் குழந்தையாகக் கண்டிருக்கிறான்.

நண்பர் அக்கிண்ணத்தை ஒருமுறை நோக்கியபின் தம் தீர்ப்பை மறுபரிசீலனை செய்வாராக.