பத்தில் சிக்காத நாலு

கணித தினம் வந்தால் கூடவே ராமானுஜனின் 1729-ம் வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பெண் பேச்சுப் போட்டிக்காக இந்த வாரம் முழுக்க அந்த எண்ணின் கதையில் வரும் டாக்சியையும் கணிதப் பேராசிரியர் ஹார்டியையும் உரக்க ஒப்பித்துக்கொண்டிருந்தாள். குறை அவளிடம் இல்லை. எங்கள் நீடாமங்கலத்தில் பஸ் ஏறினால் வலங்கைமான் தாண்டிக் கும்பகோணம். ராமானுஜன் படித்த டவுன் ஹைஸ்கூல் அங்கேதான் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, அவர் கணக்கில் ஒன்றைக்கூடப் போட்டுக் காட்டாமல் கதையை மட்டும் சொல்லிக் கொடுக்கிறோமே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

1915-ல் லண்டனில் வெளியான அவருடைய நீண்ட கட்டுரை, தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்களைப் பற்றியது. 12, 24, 36, 48, 60, 120 என்று போகும். தொடக்கம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். 12-ன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12. அடுத்தடுத்த காரணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை எழுதினால் 1, 1, 1, 2, 6. பத்துக்குக் காரணிகள் 1, 2, 5, 10. இடைவெளி 1, 3, 5. அந்த 3-ல்தான் விஷயம். பத்தின் காரணிகளை ஒரு தடவைக்கு மேல் எடுக்காமல் கூட்டினால் 4 வராது, 9-ம் வராது. பன்னிரண்டிலோ 1 முதல் 11 வரை எதுவும் தப்பாது. 5 வேண்டுமா, 4-ம் 1-ம். 11 வேண்டுமா, 6-ம் 4-ம் 1-ம்.

இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் கூட்டலில் தந்துவிடும் எண்களுக்கு ‘பிராக்டிகல் நம்பர்’ என்று பெயர் வைத்தவர் ஏ.கே. சீனிவாசன், 1948-ல், பெங்களூர் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில். நாணயத்திலும் எடையிலும் அளவையிலும் புழங்கிய 4, 12, 16, 20, 28 எல்லாம் இந்த ரகம் என்று சுட்டிக்காட்டினார். இவற்றைத் தூக்கிவிட்டுப் பத்தின் அடுக்குகளுக்கு மாற வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த காலம். 1957-ல் அணா போய் நயா பைசா வந்தது.

நெல் அளந்த மரக்காலைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் ‘பழங்கதை’ என்று கடிதம் போடும் நண்பர்களுக்குச் சீனிவாசனே பதில். 12 மரக்கால் ஒரு கலம். மரக்காலுக்கே குறுணி என்றும் பெயர். இரண்டு குறுணி பதக்கு, நான்கு குறுணி தூணி, மூன்று தூணி கலம். பெயர் பெற்றதெல்லாம் 12-ன் காரணிகள். நிலத்துக்கு வந்தால் 20 மா ஒரு வேலி. 20-ன் காரணிகள் 1, 2, 4, 5, 10, 20. இதிலும் 19 வரை எல்லாம் கிடைக்கும். முந்திரி என்பது ஒன்றில் 320-ல் ஒரு பங்கு, 320-ம் தேறும். களத்தில் கூலி அளந்த கைகளும் பாகம் பிரித்த பெரியவர்களும் அன்றாடம் புழங்கியது இந்த எண்களில்தான். மெட்ரிக் வேண்டாம் என்று நான் வாதாடவில்லை, 100-ம் இந்த ரகம்தான். பழைய அளவையைக் குழப்பம் என்று பிள்ளைகளிடம் சொல்வது பொய் என்கிறேன்.

எனக்குப் பிடித்தது 78. எந்தக் காரணியும் முந்தையதன் இரட்டிப்பைத் தாண்டாவிட்டால் எண் கட்டாயம் தேறிவிடும். தாண்டியும் தேறுகிற முதல் எண் 78. அதில் 6-க்கு அடுத்த காரணி 13. ஆனால் 1, 2, 3, 6 சேர்ந்து 12 வரை கொண்டுவந்து விட்டுவிடுகின்றன. 13 அதற்கு அடுத்த படியிலேயே நிற்கிறது. என்ன அழகு!

பரணில் மரக்கால் கிடந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் கையில் கொடுத்து, ஒரு கலத்தை எத்தனை விதமாகப் பங்கு வைக்கலாம் என்று கேளுங்கள்.